மூடிக்கிடக்கும் போனுக்கு வாட்ஸ்அப் செய்தி எப்படி வந்து சேர்கிறது?

கேள்வி இது: போன் பையில் கிடக்கிறது. திரை அணைந்திருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்தே மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. யாரோ ஒருவர் துபாயிலிருந்து ஒரு வரி அனுப்புகிறார், ஓரிரு நொடியில் போன் 'டிங்' என்கிறது. ஆப் ஓடவே இல்லை என்னும்போது இது எப்படி நடக்கிறது? இதைக் கண்டுபிடித்தது யார், காப்புரிமை யாரிடம் இருக்கிறது? அப்புறம், சில போன்களில் மட்டும் ஆப்பைத் திறந்த பிறகே செய்திகள் மொத்தமாகக் கொட்டுவது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், சர்வர் உங்கள் போனைத் தேடி வருவதில்லை. உங்கள் போன்தான் முன்கூட்டியே ஒரு சர்வரை அழைத்து, அந்த இணைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அந்தச் சர்வரும் வாட்ஸ்அப்புடையது இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளுடையது, ஐபோன் என்றால் ஆப்பிளுடையது. போனில் ஐம்பது ஆப்கள் இருந்தாலும் ஐம்பதுக்கும் சேர்த்து இந்த ஒரே இணைப்புதான். பேட்டரி, தாமதம், அந்தரங்கம், காப்புரிமைச் சண்டை எல்லாமே இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைப்பவை. அதனால் இதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சர்வரால் போனை நேரடியாகக் கூப்பிட முடியாதா? முடியாது. இணையத்தில் ஒரு கருவியை அடைய ஐபி முகவரி வேண்டும். பழைய நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது போதாது. எனவே மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை வைத்திருக்கின்றன. நடுவில் இருக்கும் ஒரு பெட்டி, எந்தப் போன் எந்தச் சர்வரோடு பேசுகிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, மாற்றி மாற்றி அனுப்புகிறது. போன் முதலில் பேசினால்தான் அந்த அட்டவணையில் ஒரு வரி உருவாகும். வெளியிலிருந்து யாராவது தானாக வந்து கதவைத் தட்டினால், எந்தப் போனுக்கு அனுப்புவது என்றே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆறாம் பதிப்பு முகவரிகள் வந்து இந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது, ஜியோ அதைத் தொடக்கத்திலிருந்தே பெருமளவில் பயன்படுத்துகிறது. ஆனாலும் போன் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை வழியில் உள்ள ஃபயர்வால் என்ற காவல் அமைப்பு பொதுவாகத் தூக்கிப் போட்டுவிடும். அப்படிப் போடாவிட்டால் நம் போன்கள் தாக்குதல்களில் செத்தே போயிருக்கும்.

ஆகவே போன்தான் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகும் சும்மா இருந்துவிட முடியாது. அந்த அட்டவணை வரிக்கு ஆயுள் உண்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தால் இணைப்பு செத்துவிட்டது என்று நினைத்து வரியை அழித்துவிடுவார்கள். இணையத் தரநிலை, ஒரு டிசிபி இணைப்பை (இரண்டு கருவிகள் தொடர்ந்து பேச இணையத்தில் பயன்படும் வழக்கமான இணைப்பு வகை) குறைந்தது 2 மணி நேரம் 4 நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் பல நிறுவனங்கள் அவ்வளவு பொறுப்பதில்லை. வரி அழிந்ததும் போனுக்கு யாரும் தகவல் சொல்வதும் இல்லை. இணைப்பு இருப்பதாகவே போன் நம்பிக்கொண்டிருக்கும், சர்வரும் அப்படியே நம்பும், செய்தி நடுவழியில் காணாமல் போகும்.

இதற்காகத்தான் போன் அவ்வப்போது ஒரு சின்ன 'நான் இருக்கிறேன்' பாக்கெட்டை அனுப்புகிறது. ஹார்ட்பீட் என்பார்கள். ஆண்ட்ராய்டில் இது மொபைல் டேட்டாவில் 28 நிமிடத்துக்கு ஒருமுறை, வைஃபையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று நெடுங்காலம் இருந்தது. அடிக்கடி அனுப்பினால் பேட்டரி போகும், அரிதாக அனுப்பினால் இணைப்பு போகும். உலகம் முழுக்க உள்ள மொபைல் நெட்வொர்க்குகளின் குணத்தைப் பார்த்துப் பார்த்து எட்டிய எண்கள் இவை. அறிவிப்புத் தொழில்நுட்பத்தில் உண்மையான உழைப்பு போனது இந்த மாதிரி வெளியே தெரியாத எண்களில்தான் என்பது என் கருத்து.

இணைப்பை இப்படித் திறந்தே வைத்திருந்தால் பேட்டரி தீராதா என்று பலர் கேட்பார்கள். தீராது. டிசிபி இணைப்பு என்பது இரண்டு முனைகளிலும் நினைவகத்தில் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே, கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பது போல எதுவும் ஓடுவதில்லை. போனின் பிராசஸர் தூங்கும், ரேடியோவும் பெரும்பாலும் தூங்கும். 4ஜி நெட்வொர்க்கில் ரேடியோ பொதுவாக 1.28 நொடிக்கு ஒருமுறை கண் விழித்து, 'என்னைக் கூப்பிட்டார்களா' என்று டவரின் அறிவிப்பைக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். கூகுள் சர்வரிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, டவர்கள் வழியாக உங்கள் போனைக் கூப்பிடும். அடுத்த முறை ரேடியோ கண் விழிக்கும்போது கேட்கும், முழுதாக எழும், பாக்கெட்டை வாங்கும், அதன்பின் பிராசஸரை எழுப்பும். ஒரு செய்தி வர ஓரிரு நொடி ஆவதில் ஒரு பகுதி இந்தக் காத்திருப்புதான்.

பேட்டரியைத் தின்பது ரேடியோ முழுதாக எழும் தருணங்கள். ஒரு சின்ன பாக்கெட் அனுப்பினாலும், 'இன்னும் ஏதாவது வரலாம்' என்று ரேடியோ அதன்பின் பல நொடிகள் விழித்தே கிடக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். பொது இணைப்பு இல்லாமல், போனில் உள்ள 30 ஆப்களும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் தங்கள் சர்வரிடம் 'ஏதாவது புதிதாக உண்டா' என்று தனித்தனியே கேட்டால் ஒரு நாளைக்கு 8,640 கேள்விகள். அநேகமாக எல்லாவற்றுக்கும் பதில் 'இல்லை' என்றுதான் வரும். மதியத்துக்குள் பேட்டரி காலி, செய்தியும் ஐந்து நிமிடம் வரை பிந்தும்.

2008-இல் ஆப்பிள் மாட்டிக்கொண்டது இந்தச் சிக்கலில்தான். அன்றைய ஐபோனில் வெளியார் ஆப் எதுவும் பின்னணியில் ஓட முடியாது. திரையை விட்டுப் போனால் ஆப் நின்றுவிடும். பேட்டரிக்காக எடுத்த முடிவு அது. ஆனால் பின்னணியில் ஓடாத சாட் ஆப்பை வைத்து என்ன செய்வது? அந்த ஆண்டு ஜூனில் நடந்த தன் மாநாட்டில் ஆப்பிள் ஒரு மாற்றுவழியை அறிவித்தது: ஆப் ஓட வேண்டாம், போனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு நிலையான இணைப்பு இருக்கும், ஆப் நிறுவனங்கள் எங்களிடம் கொடுத்தால் அதன் வழியே நாங்கள் தள்ளிவிடுவோம் என்றார்கள். செப்டம்பரில் தருவதாகச் சொன்னது, ஐபோன் மென்பொருளின் மூன்றாம் பதிப்போடு 2009 ஜூன் 17 அன்றுதான் வந்தது. ஏபிஎன்எஸ் (ஆப்பிள் புஷ் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ்) என்று சொல்லப்படும் சேவை இதுதான். இப்படிச் சர்வரிலிருந்து தள்ளிவிடப்படுவதைத்தான் புஷ் அறிவிப்பு என்கிறார்கள். ஆண்ட்ராய்டில் 2010-இல் ஃப்ரோயோ பதிப்போடு இதே மாதிரி ஒன்று வந்தது. 2012-இல் அது ஜிசிஎம் ஆனது, 2016-இல் எஃப்சிஎம் ஆனது. பெயர் மாறிக்கொண்டே போனாலும் அடிப்படை அதேதான்.

ஏபிஎன்எஸ் வந்த நேரம் வாட்ஸ்அப்பின் தலையெழுத்தையே மாற்றியது என்பது பலருக்குத் தெரியாது. யான் கௌம் 2009 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தைப் பதிவு செய்தபோது அது செய்தி அனுப்பும் ஆப்பே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி கம்மி' என்று நிலைத்தகவல் போடுவதற்கான ஆப், அவ்வளவுதான். சீந்துவார் இல்லை. ஜூனில் ஆப்பிளின் அறிவிப்பு வசதி வந்ததும், ஒருவர் நிலைத்தகவலை மாற்றினால் நண்பர்கள் எல்லோருடைய போனும் ஒலிக்கும்படி செய்தார். உடனே மக்கள் அதையே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் வழியாக்கிவிட்டார்கள். 'தாமதமாக எழுந்தேன்' என்று ஒருவர் நிலைத்தகவல் போடுவார், 'நானும்தான்' என்பது போல இன்னொருவர் தன் நிலைத்தகவலை மாற்றுவார். அதைப் பார்த்துத்தான் அதே ஆண்டு செய்தி அனுப்பும் வசதியோடு இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள்.

இனி செய்தி ஒன்றின் பயணத்தைப் பார்க்கலாம். ஆப்பை நிறுவித் திறந்ததும், போன் கூகுளிடமோ ஆப்பிளிடமோ ஒரு டோக்கன் வாங்குகிறது. நீளமான எழுத்துக்கோவை அது. 'இந்தப் போனில் இருக்கும் இந்த ஆப்' என்பதற்கான முகவரி. ஆப் அதைத் தன் சர்வரிடம் கொடுத்துவைக்கிறது. துபாய் நண்பர் செய்தி அனுப்பியதும் அது வாட்ஸ்அப் சர்வரை அடைகிறது, அவருக்கு ஒரு டிக் விழுகிறது. உங்கள் போன் அப்போது வாட்ஸ்அப் சர்வரோடு இணைப்பில் இல்லை என்றால், சர்வர் உங்கள் டோக்கனை எடுத்து கூகுளிடம் கொடுத்து 'இந்த ஆளை எழுப்பு' என்கிறது. கூகுள் தன்னிடம் திறந்திருக்கும் இணைப்பில் அதைத் தள்ளுகிறது. போன் வாங்கி வாட்ஸ்அப்பைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த வாட்ஸ்அப் தன் சர்வரை நேரடியாகத் தொடர்புகொண்டு, பூட்டிய செய்தியை இறக்கி, போனில் இருக்கும் சாவியால் திறந்து, திரையில் காட்டுகிறது. அங்கே இரண்டாவது டிக்.

நம் ஊர் மிஸ்டு கால் பழக்கம்தான் இது. காசு செலவழித்துப் பேசுவதற்காக யாரும் மிஸ்டு கால் தருவதில்லை, 'நீ திரும்பக் கூப்பிடு' என்று சொல்லத்தான். புஷ் அறிவிப்பும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது. சில சமயம் வாட்ஸ்அப்பிலிருந்து 'உங்களுக்குப் புதிய செய்திகள் இருக்கலாம்' என்று ஒரு குழப்பமான அறிவிப்பு வருகிறதே, அது இந்த இடத்தில் பிறப்பது. மிஸ்டு கால் வந்துவிட்டது, ஆனால் சிக்னல் போனதாலோ பேட்டரிச் சிக்கனத்தாலோ திரும்பக் கூப்பிட முடியவில்லை. 'இருக்கலாம்' என்று இழுப்பதன் காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆப்புக்கே அந்த நேரத்தில் தெரியாது.

ஏன் செய்தியையே அந்த அறிவிப்புக்குள் வைத்து அனுப்பக்கூடாது? ஒரு காரணம் இடம். ஆப்பிள் தொடக்கத்தில் தந்தது 256 பைட். ஆங்கிலத்துக்கே இறுக்கம், தமிழுக்கு இன்னும் மோசம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், அதற்கே 21 பைட் போய்விடும். 2014-இல் 2 கிலோபைட், அடுத்த ஆண்டு 4 கிலோபைட் என்று ஏறியதால் இப்போது இடம் பிரச்சினை இல்லை. இன்னொரு காரணம் பூட்டு. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை பூட்டத் தொடங்கியது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. நடுவில் இருக்கும் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் உள்ளடக்கம் தெரியக்கூடாது என்றால், 'எழுந்திரு' என்று மட்டும் சொல்வது நல்லது. நம்பகத்தன்மையும் இதில் இருக்கிறது. கூகுளின் எஃப்சிஎம் சேவை ஒரு போனில் உள்ள ஓர் ஆப்புக்கு 100 அறிவிப்புகள் வரைதான் சேர்த்து வைக்கும். போன் நீண்ட நேரம் அணைந்து கிடந்து அதற்கு மேல் போனால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, 'நிறைய தவறிவிட்டது, உன் சர்வரிடம் கேட்டுக்கொள்' என்று ஆப்பிடம் சொல்லிவிடும். செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு வாட்ஸ்அப்பின் சொந்தச் சர்வருடையது. போய்ச் சேராத செய்தியை அது 30 நாள் வைத்திருக்கும்.

கண்டுபிடித்தது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு பெயர் சொல்ல முடியாது. 1980-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'பிஃப்' என்று ஒரு சின்ன நிரல் வந்தது. மெயில் வந்ததும் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் திரையில் அதன் முதல் சில வரிகளை அச்சடிக்கும். அங்கே எல்லோருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர் பிஃப். தபால்காரரைக் கண்டால் குரைக்கும் நாய் என்பதால் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நாயை வளர்த்தவரே அதை மறுத்திருக்கிறார். வேலைக்கு நடுவே குறுக்கிட்டு முன்னோட்டம் காட்டும் இன்றைய அறிவிப்பின் மூதாதை என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எஸ்எம்எஸ் வேறு கிளை. 1980-களின் நடுவில் ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட், பிரான்சின் பெர்னார் கிலபேர் போன்றவர்கள் ஜிஎஸ்எம் என்ற மொபைல் நெட்வொர்க் முறைக்கான தரநிலைக் குழுவில் செய்த வேலை. அழைப்புகளை ஏற்பாடு செய்வதற்கான சிக்னல் பாதை எப்படியும் இருக்கிறது, பெரும்பாலான நேரம் காலியாகவும் இருக்கிறது, அதில் 140 பைட் துண்டுகளை நுழைத்துவிடலாம் என்பது யோசனை. ஆங்கிலத்தில் 160 எழுத்து கிடைத்தது அதனால்தான். தமிழுக்கு 70 குறியீடுதான், அதிலும் புள்ளிக்கும் கொக்கிக்கும் தனிக் கணக்கு. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் ஒரு கணினியிலிருந்து வோடஃபோன் நெட்வொர்க் வழியே 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று அனுப்பியது முதல் எஸ்எம்எஸ். தொடக்க காலத்தில் இதன் முக்கியப் பயன், உங்களுக்குக் குரல் அஞ்சல் வந்திருக்கிறது என்று மொபைல் நிறுவனம் தெரிவிப்பதுதான். அதாவது எஸ்எம்எஸ்ஸே அறிவிப்பாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கியது. ரேடியோ எப்படியும் கேட்டுக்கொண்டிருக்கும் பாதையில் வருவதால் இதற்குத் தனியாக இணைப்பு எதையும் திறந்து வைக்கத் தேவையில்லை. டேட்டா அணைந்திருந்தாலும் ஓடிபி வந்துவிடுவது இதனால்தான்.

மின்னஞ்சலில் 1997-இல், மெயில் நிரலும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளான ஐமேப் நெறிமுறைக்கு 'ஐடில்' என்று ஒரு கட்டளை சேர்த்தார்கள். 'நான் இணைப்பிலேயே இருக்கிறேன், புதிதாக வந்தால் நீயே சொல்' என்று மெயில் நிரல் சர்வரிடம் சொல்லும். அதிலும் 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கட்டளையைப் புதுப்பிக்கும்படி அறிவுறுத்தல் உண்டு, ஏனென்றால் 30 நிமிடம் பேசாவிட்டால் சர்வர் துண்டித்துவிடக்கூடும். மேலே சொன்ன 28 நிமிடத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது கனடாவின் வாட்டர்லூவைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன். 1999-இல் பேஜர் வடிவத்தில் வந்த அவர்களுடைய பிளாக்பெரி கருவிக்கு மெயில் தானாகவே வந்து சேர்ந்தது, யாரும் போய் எடுக்க வேண்டியதில்லை. காப்புரிமைச் சண்டையும் அதோடு வந்தது. தாமஸ் கேம்பானா என்ற அமெரிக்கப் பொறியாளர் கம்பியில்லா மின்னஞ்சல் தொடர்பாக 1990-களில் காப்புரிமைகள் பெற்றிருந்தார். அவற்றை வைத்திருந்த என்டிபி என்ற நிறுவனம் எந்தப் பொருளையும் தயாரிக்கவில்லை, காப்புரிமைகள் மட்டுமே அதன் சொத்து. 2001-இல் ரிசர்ச் இன் மோஷன் மீது வழக்குப் போட்டது, அடுத்த ஆண்டே ஜூரி அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் பிளாக்பெரி சேவையையே நிறுத்த வேண்டிவரும் என்ற நிலை வந்தபோது, எங்கள் ஊழியர்கள் இதை நம்பி இருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் தலையிட்டது. கடைசியில் 2006 மார்ச்சில் 61.25 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆனது. அதே சமயத்தில் அந்தக் காப்புரிமைகளை மறுஆய்வு செய்துகொண்டிருந்த காப்புரிமை அலுவலகம் அவற்றை நிராகரித்து முடிவுகள் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. கேம்பானா 2004-இலேயே இறந்துவிட்டார்.

அடிவாங்கிய அதே நிறுவனம், பிளாக்பெரி என்று பெயர் மாறி, போன் வியாபாரம் படுத்த பிறகு 2018 மார்ச்சில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மீது வழக்குப் போட்டது. அதில் குறிப்பிட்ட காப்புரிமைகளில் ஒன்று, படிக்காத செய்திகளைப் பற்றிய எண்ணை ஆப் ஐகானின் மேலே காட்டுவது. ஆமாம், அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண்தான். 2021 தொடக்கத்தில் சமரசம் செய்துகொண்டார்கள். இந்தியாவில் நிலைமை வேறு. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. வன்பொருளோடு சேர்ந்த தொழில்நுட்ப விளைவு இருக்கிறது என்று வாதாடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஐகானின் மேல் எண் போடுவதற்கு இங்கே வாங்குவது கடினம். அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், காப்புரிமை வழக்குகளில் அடிபட்டவற்றைவிட மதிப்புள்ள கண்டுபிடிப்புகள் வேறெங்கோ வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைத் தாங்கும் சர்வரை எழுதுவது எளிதில்லை. வாட்ஸ்அப் அதற்கு எடுத்துக்கொண்டது எர்லாங் மொழியை. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் 1980-களில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய மொழி அது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குட்டிச் செயல்முறை, அதில் ஒன்று விழுந்தால் மற்றவை பாதிக்கப்படாது. அழைப்பு என்ற இடத்தில் இணைப்பு என்று போட்டால் சாட் சர்வர். 2012 தொடக்கத்தில் ஒரே ஒரு சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். ஃபேஸ்புக் மெசஞ்சர் 2011-இல் எடுத்துக்கொண்ட எம்கியூடிடி நெறிமுறைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் வேறு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பரும் பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எழுதியது. செயற்கைக்கோள் இணைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு என்பதால் ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் போகும் நிலையான தலைப்பகுதியைக் குறைந்தபட்சம் 2 பைட் என்ற அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். போன் பேட்டரிக்கு அந்தச் சிக்கனம் அப்படியே பொருந்தியது.

இப்போது அந்தரங்கம். எல்லா ஆப்களின் அறிவிப்புகளும் இரண்டு நிறுவனங்களின் குழாய் வழியே போகின்றன என்றால், அந்தக் குழாயைப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? பூட்டிய ஆப் என்றால் செய்தி தெரியாது. ஆனால் எந்த ஆப், எந்தப் போன், எந்த நேரம் என்பது தெரியும். டோக்கனை வைத்து அது யாருடைய கணக்கு என்றும் கண்டுபிடிக்கலாம். 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அரசுகள் இந்தத் தகவலை ஆப்பிளிடமும் கூகுளிடமும் கேட்டு வாங்குகின்றன என்று ஒரு கடிதத்தில் வெளிப்படுத்தினார். அதன்பின் ஆப்பிள், இந்தத் தகவலைத் தர நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று தன் விதியை மாற்றியது. ஸோஹோவின் அரட்டை ஆப்புக்கு மாறினால் தரவு வெளிநாட்டைத் தொடாது என்று சிலர் சொல்கிறார்கள். செய்தி எங்கே சேமிக்கப்படுகிறது என்பது வரைக்கும் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் ஐபோனில் அதன் மணி அடிக்க வேண்டும் என்றாலும் ஆப்பிளின் வழியாகத்தான் போக வேண்டும். எந்த நாட்டு ஆப்புக்கும் ஐபோனில் வேறு வாசல் இல்லை. ஆண்ட்ராய்டில் வேறு வாசல் உண்டு. கூகுள் சேவைகள் இல்லாத போன்களில் 'சிக்னல்' என்ற சாட் ஆப் தன் சொந்த இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், அதற்கு விலையாக ஓர் அறிவிப்பு நிரந்தரமாக மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். சீனாவில் கூகுள் சேவை இல்லாததால் ஒவ்வொரு போன் நிறுவனமும் தனக்கென்று ஒரு குழாய் போட்டுக்கொண்டது, ஆப் எழுதுபவர்கள் அத்தனைக்கும் தனித்தனியே எழுதித் தவிக்கிறார்கள்.

கடைசியாகத் தாமதம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, போன் அசையாமல் திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால் 'டோஸ்' என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். அப்போது சாதாரண முன்னுரிமை அறிவிப்புகள் அடுத்த விழிப்பு வரை காத்திருக்கும். உயர் முன்னுரிமை என்று குறித்து அனுப்பியவை உடனே வரும். சாட் ஆப்கள் அப்படித்தான் அனுப்புகின்றன, எனவே கூகுளின் விதிப்படி ஓடும் போனில் பிரச்சினை வராது. சிக்கல், போன் நிறுவனங்கள் அதற்கு மேலே தாங்களாகச் சேர்க்கும் பேட்டரிக் காவலில் வருகிறது. 'இரண்டு நாள் பேட்டரி' என்று விளம்பரம் செய்வதற்காகப் பின்னணி ஆப்களைக் கண்மூடித்தனமாகக் கொல்கிறார்கள். கொல்லும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. சும்மா மூடப்பட்ட ஆப்பைப் புஷ் எழுப்பிவிடும். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' நிலைக்குத் தள்ளப்பட்ட ஆப்பை எழுப்பாது, நீங்களே போய்த் திறக்கும்வரை அது செத்த மாதிரிதான். திறந்ததும் செய்திகள் கொட்டுவதன் ரகசியம் இதுதான். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் அனுமதியுங்கள். ரேம் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் ஆப் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க டிக்குகளே போதும். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் முதலில் அதை மூடுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும். போனைத் திரை அணைத்து அரை மணி நேரம் மேசையில் விட்டுவிட்டு, நண்பரை ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய போனில் நீங்கள் ஆப்பைத் திறக்கும்வரை ஒற்றை டிக்கே நின்றால், புஷ் வரவில்லை அல்லது வந்தும் ஆப் எழ அனுமதி கிடைக்கவில்லை. மேலே சொன்ன பேட்டரி அமைப்பைப் பாருங்கள். சீக்கிரமே இரட்டை டிக் விழுந்தும் உங்கள் போன் ஒலிக்கவில்லை என்றால் செய்தி வந்துவிட்டது, காட்டுவதில்தான் கோளாறு. ஆண்ட்ராய்டு 13-லிருந்து புதிதாக நிறுவும் ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்புக்கு அனுமதி கேட்டாக வேண்டும், அவசரத்தில் 'வேண்டாம்' என்று அமுக்கியிருக்கலாம். அல்லது ஆண்ட்ராய்டு 8-இல் வந்த அறிவிப்பு வகைகளில், செய்திகளுக்கான வகை மட்டும் ஒலியில்லாத நிலைக்கு மாறியிருக்கலாம். இரண்டுமே செட்டிங்ஸில் அந்த ஆப்பின் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பக்கத்தில் இருக்கும்.